காண்டாமிருகமும் அம்மம்மாவின் பதினாலு மார்க்கும்

ரூஜில் எங்கள் வீட்டிலிருந்து ரொறன்ரோ மிருகக்காட்சிசாலைக்கு காரில் பத்து நிமிஷம்கூட இல்லை. சிங்கம், காண்டாமிருகம், ஒட்டகம் எல்லாம் அங்கே நிற்கின்றன. அம்மம்மாவை நாலைந்து தரம் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறோம். இருந்தும் போன வருஷம் ஒரு கிளினிக்கில் அதே மூன்று மிருகங்களின் படத்தை நீட்டி "இது என்ன?" என்று கேட்டபோது, இரண்டாவதில் நின்றுவிட்டார். என் பக்கம் திரும்பி, "தம்பி, இதுக்கு இங்கிலீசில என்ன பேர்?" என்றார்.

நான் சொல்வதா விடுவதா என்று யோசிக்கிறதுக்குள் தாள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. ஒரு மார்க் போச்சு.

அம்மம்மாவுக்கு 81 வயது. பருத்தித்துறையில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். அன்று அவருக்குக் கிடைத்தது முப்பதுக்குப் பதினாலு. 26க்குக் கீழே போனால் யோசிக்கவேண்டும் என்று சொன்னார்கள், டிமென்ஷியாவாக இருக்கலாம் என்றார்கள், மறு சந்திப்புக்குத் தேதி தந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவே அம்மா அடுப்பின் திருகுகளைக் கழற்றி லாச்சிக்குள் வைத்தார். வங்கி அட்டை மாமாவின் கைக்குப் போனது. மூன்று கிழமையில் அம்மம்மா கறிச்சட்டியைத் தொடுவதை விட்டுவிட்டார், பிறகு பேசுவதையும் குறைத்துக்கொண்டார். "எனக்கு விசர் எண்டு எழுதிப்போட்டாங்களோ?" என்று ஒருநாள் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அந்தப் பரிசோதனையின் பெயர் மோகா. மொன்றியல் நரம்பியல் மருத்துவர் சியாட் நஸ்ரடீன் உருவாக்கி 2005இல் வெளியிட்டது. பத்து நிமிஷத்தில் ஞாபகம், கவனம், மொழி, திட்டமிடும் திறன் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அது சல்லடை மட்டுமே, தீர்ப்பு இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் படிக்காதவர்களுக்கு ஒரு மார்க் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்புக்கும் அதே ஒரு மார்க்தான்.

அன்று மொழிபெயர்ப்பாளராக இருந்தது நான். பொறியியல் படித்தவன், கொம்பியூட்டர் வேலை பார்ப்பவன், இந்தத் துறையில் ஒரு மணித்தியாலம்கூடப் பயிற்சி இல்லை. ஒரு நிமிஷத்துக்குள் 'எஃப்' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொன்னார்கள். அம்மம்மாவுக்கு எஃப் எங்கே தெரியும்? நானாகவே 'ப' என்று மாற்றிக் கொடுத்தேன். அதற்குள் அரை நிமிஷம் போய்விட்டது. ஞாபகம் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் 'டெய்சி' ஒன்று. அதை வெறும் 'பூ' என்று சொல்லிக் கொடுத்தேன். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்தைக் காட்டச் சொன்னபோது, அவர் தடுமாறுவதைப் பார்க்கமுடியாமல், "பெரிய முள்ளை இரண்டில வையுங்கோ அம்மம்மா" என்றும் சொல்லிவிட்டேன். பத்து என்ற சொல் முள்ளைப் பத்தாம் எண்ணுக்கு இழுக்கும், அந்த இழுப்பை மூளை தடுக்கிறதா என்றுதான் அந்தக் கேள்வி பார்க்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். ஒரு இடத்தில் மார்க்கைக் கெடுத்தேன், இன்னொரு இடத்தில் களவாகக் கொடுத்தேன். அந்தப் பதினாலு யாருடைய மார்க் என்றே தெரியாது.

தவறு என்னுடையது மட்டும்தானா என்று கேட்டால், இல்லை. மோகாவுக்குத் தமிழ் வடிவம் இருக்கிறது. படிப்பு குறைந்தவர்களுக்கென்று தனி வடிவமும் இருக்கிறது. பரிசோதித்தவருக்கு இரண்டுமே தெரிந்திருக்கவில்லை. நல்ல மனுஷிதான், அவசரத்தில் இருந்தார். இப்படிப்பட்ட பிழைகள் பெருகியதால்தான் மோகாவை நடத்துபவர்கள் இணையவழிப் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் பெறவேண்டும் என்று 2019இல் அறிவித்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

என் தொழில்மொழியில் சொன்னால், ஒரு ஊர்த் தரவில் பழக்கிய மென்பொருளை இன்னொரு ஊரில் ஓட்டுகிற கதைதான். நரம்பு உளவியலாளர்கள் இதை வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். 1998இல் தொடங்கிய 10/66 என்ற ஆய்வுக் குழுவின் பெயரே அதைத்தான் சொல்கிறது: டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் வளரும் நாடுகளில், ஆய்வுகளில் அவர்களைப் பற்றியவை பத்து சதவீதத்துக்கும் குறைவு. அந்தக் குழு இந்தியாவில் வேலை செய்த இடங்களில் தமிழ்நாட்டின் சென்னையும் வேலூரும் உண்டு. பள்ளிக்கூடம் போகாத கிழவியின் ஞாபகத்தை எப்படி அளப்பது என்று தமிழிலேயே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். அது ஸ்காபரோ வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

இங்கேயே நடந்த இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு மொழி பேசுபவர்களுக்கு டிமென்ஷியாவின் அறிகுறிகள் சுமார் நாலு வருஷம் பிந்தித் தெரியவருவதாக எலன் பியலிஸ்டொக் குழுவினர் 2007இல் எழுதினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகள் ரொறன்ரோ பேக்ரெஸ்ட் ஞாபக மருத்துவமனைக்கு வந்தவர்கள். குடியேறிகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறீர்கள் என்று ஆட்சேபம் வந்தது. 2013இல் ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 பேரைப் பார்த்து நாலரை வருஷம் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் வித்தியாசம் தெரிந்தது. எல்லா ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை, விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் நோயாளி எந்த மொழியில் வாழ்கிறார் என்று கேட்காமல் மூளையை அளக்கமுடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நம்மவர்கள் விஷயத்தில் போர் வேறு சேர்ந்துகொள்கிறது. மோர்ட்டன் பைசர் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ரொறன்ரோத் தமிழர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அளவில் போருக்குப் பிந்திய மனவடுவின் அடையாளங்களைக் காட்டினார்கள். நித்திரை இல்லாத மனுஷருக்குக் கவனம் நிற்காது, கவனம் நிற்காவிட்டால் ஞாபகம் பதியாது. வயதானவர்களின் மனச்சோர்வு அச்சு அசல் மறதிநோய் போலவே தெரியும். ஆலோசகரிடம் வருபவரின் மறதி துக்கத்தால் வந்ததா, மூளை தேய்வதால் வந்ததா, வெறும் காது மந்தமா என்று பிரிக்கத் தெரியவேண்டும்.

ஒன்ராறியோவில் உளவியலாளர்களுக்குத் தொடர்கல்வி கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு 50 புள்ளி. நரம்பு உளவியல்தான் படிக்கவேண்டும் என்று விதி இல்லை. வார இறுதி வகுப்புக்குப் போனவர் நரம்பு உளவியலாளர் ஆகவும் முடியாது. 1997 ஹூஸ்டன் மாநாட்டு ஆவணம் இதை வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லியிருக்கிறது: தொடர்கல்வி இருக்கும் திறமையைக் காப்பாற்றவும் வளர்க்கவும்தான், அடிப்படைத் தகுதியைத் தர அல்ல. சரியான பேச்சு. நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். தமிழ் முதியவர்களைப் பார்க்கிற சமூகப் பணியாளர், மனநல ஆலோசகர், மொழிபெயர்ப்பாளர் எல்லாரும் எப்போது சந்தேகப்படவேண்டும், எந்தக் கருவி யாருக்கு, எங்கே அனுப்பவேண்டும் என்கிற அளவுக்காவது படித்திருக்கவேண்டும். முழுப் பரிசோதனையைத் தனியாரிடம் செய்தால் ஓஹிப் காசு கட்டாது, சில ஆயிரம் டொலர் போகும். மருத்துவமனை வழியாகப் போனால் காத்திருக்கவேண்டும். அந்த வாசலுக்கு யாரை அனுப்புவது என்று தீர்மானிப்பவர்தான் முக்கியம்.

"வயசு போனா அப்பிடித்தான்" என்று எதையுமே பார்க்காமல் விடுகிற நம் வீடுகளும் உண்டு. அது இதைவிட மோசம். எங்கள் தெருவிலேயே ஒரு ஐயா ரூஜ் ஆற்றுப் பாதையில் வழி தவறி, பொலிஸ்தான் கூட்டிவந்தது.

ஏழு மாதம் கழித்து அம்மம்மாவை வேறோர் இடத்தில் பார்த்தார்கள். பயிற்சி எடுத்த ஒரு தமிழ்ப் பிள்ளை, இங்கே பிறந்தவள். முதலில் காதைப் பரிசோதிக்க அனுப்பினாள், கருவி பொருத்தினார்கள். பிறகு தமிழ்த் தாளை எடுத்தாள். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். இருபத்தொன்று. மெல்லிய மறதி இருக்கிறது, அது உண்மை. மனச்சோர்வும் இருக்கிறது, அதற்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அந்தச் சோர்வில் எவ்வளவு அந்த அடுப்புத் திருகுகளோடு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அன்றிரவு அடுக்களையில் நூறு ரூபாயிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன், கடைக்காரர் மிச்சம் கொடுப்பதுபோல. தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு என்று அறுபத்தைந்துவரை நிற்காமல் வந்தார். "சின்னப்பிள்ளையளின்ர கணக்கை வைச்சுக்கொண்டு என்னடா சோதனை?" என்றார்.

திருகுகள் திரும்ப அடுப்பில் இருக்கின்றன. தானாக அணைகிற கருவி ஒன்றும் வாங்கிப் பூட்டியிருக்கிறோம். அடுத்த பரிசோதனை ஒக்டோபரில்.