பல் மருத்துவ உருப்பெருக்கிக் கண்ணாடி

பல் மருத்துவ உருப்பெருக்கிக் கண்ணாடி என்பது பற்களையும் ஈறுகளையும் பெரிதாக்கிக் காண்பதற்காகப் பல் மருத்துவர்கள் மூக்குக்கண்ணாடி போல் அணியும் ஒளியியல் கருவி ஆகும். இது லூப் எனவும் அழைக்கப்படுகிறது.

வகைகள்

கலிலியோ வகை எடை குறைந்தது, பொதுவாக 2.5 முதல் 3.5 மடங்கு வரை பெரிதாக்கும். பட்டகங்கள் கொண்ட கெப்ளர் வகை இதனினும் கூடுதலாகப் பெரிதாக்கும். ஆனால் எடை மிகுந்தது.

தெரிவு செய்தல்

உருப்பெருக்கம் கூடும்போது பார்வைப் புலமும் புல ஆழமும் குறைகின்றன. ஆதலால் புதிய மாணவர்கள் பெரும்பாலும் 2.5 மடங்குக் கருவியுடன் தொடங்குகின்றனர்.

உருப்பெருக்கத்தை விட அளவுப் பொருத்தமே முதன்மையானது. கண்ணுக்கும் நோயாளியின் வாய்க்கும் இடையிலான தொலைவு, மாணவர் நிமிர்ந்து அமர்ந்த நிலையில் அளக்கப்பட வேண்டும். கருவி இத்தொலைவை விடக் குறைந்த தொலைவுக்கு அமைந்திருந்தால் அணிபவர் குனிய நேரிடும். வில்லைகளின் கீழ்நோக்கிய சாய்வு போதாவிடில் கழுத்து மிகுதியாக வளையும். இது நாளடைவில் கழுத்து வலிக்கு வழிவகுக்கலாம். கண்மணிகளுக்கு இடைப்பட்ட தொலைவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே ஒருவருக்காக அளந்து, கண்ணாடியிலேயே பதித்துச் செய்யப்பட்ட கருவி மற்றவருக்குப் பொருந்துவது அரிது. மேலே தூக்கக்கூடிய வகையில் இவ்வளவுகளுட் சிலவற்றை மாற்றியமைக்கலாம்.

தலைவிளக்கு

இரு கண்களுக்கு நடுவே பொருத்தப்படும் விளக்கின் ஒளி பார்வைக் கோட்டை ஒட்டிச் செல்வதால் நிழல் குறைகிறது. வெண்ணிற எல்.இ.டி. ஒளியிலுள்ள நீலக்கூறு, ஒளியால் இறுகும் நிரப்புப் பிசினை முன்கூட்டியே இறுகச் செய்யக்கூடும். இதைத் தவிர்க்கச் செம்மஞ்சள் வடிகட்டி பயன்படுத்தப்படுகிறது.