பாட்டியைக் காப்பாற்றும் ‘ஐ’: சின்னப் பிள்ளைகளுக்கு இலக்கணமும் நிறுத்தக்குறியும்

ஆங்கிலத்தில் நிறுத்தக்குறி சொல்லித்தருகிறவர்கள் எல்லாரும் கையில் ஒரு வேடிக்கை வைத்திருப்பார்கள். ‘சாப்பிடலாம், பாட்டி’ என்று பேரன் எழுதும்போது நடுவில் உள்ள காற்புள்ளி விட்டுப்போனால், பாட்டியையே சாப்பிடலாம் என்று பொருள் வந்துவிடும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். இந்த மாதிரி வேடிக்கைகளை வைத்தே லின் டிரஸ் 2003-ல் எழுதிய புத்தகம் இங்கிலாந்தில் சக்கைப்போடு போட்டது. 2006-ல் சிறுவர்களுக்கான படப்புத்தகமாகவும் வந்தது.

இதைத் தமிழில் சொல்லிப்பாருங்கள், சிரிப்பு வராது. பாட்டியைச் சாப்பிட வேண்டுமென்றால் தமிழில் ‘பாட்டியை’ என்று சொல்லியாக வேண்டும். காற்புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாட்டிக்கு ஆபத்தில்லை. அவரைக் காப்பாற்றுவது ‘ஐ’ என்கிற வேற்றுமை உருபு.

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இலக்கணத்தை விளையாட்டாகச் சொல்லித்தருவது பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்து வருகிறேன். எங்க ஊர் முத்துப்பேட்டையில் அக்கா பிள்ளைகளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுமாக ஆறேழு பேர் சாயங்காலம் திண்ணையில் கூடுவார்கள். ஒரு வீட்டுப் பிள்ளை ‘அப்பா’ங்கும், ஒரு வீட்டுப் பிள்ளை ‘அத்தா’ங்கும், இன்னொன்று ‘வாப்பா’ங்கும். எல்லாருக்கும் பொதுவாக நான் பார்த்த ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குறி வருவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது

ஆங்கிலத்தில் நிறுத்தக்குறி செய்யும் வேலையில் பெரும்பகுதியைத் தமிழில் சொல்லின் வாலே செய்துவிடும். கேள்விக்கு ‘ஆ’: வந்தாயா? அடுக்கிச் சொல்ல ‘உம்’: இறாலும் நண்டும் மடவையும். அழுத்திச் சொல்ல ‘ஏ’: அவனே. இன்னொருவர் பேச்சை எடுத்துச் சொல்ல ‘என்று’, பேச்சில் ‘ன்னு’. தொல்காப்பியத்தின் இடையியல் என்ற பகுதி ஏ, ஓ, உம், என்று போன்ற இந்தச் சின்னச் சொற்களுக்காகவே இருக்கிறது.

ஓலையில் எழுதிய காலத்தில் காற்புள்ளியும் கேள்விக்குறியும் கிடையாது. சொல்லுக்குச் சொல் இடம் விடுவதும் கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்று இலக்கணம் சொன்னாலும் ஓலையில் பெரும்பாலும் அதையும் வைக்கமாட்டார்கள். நம் டெல்டாவிலேயே தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடத் தொடங்கினார். அச்சு பரவிய பிறகு, 19-ஆம் நூற்றாண்டில்தான் நிறுத்தக்குறிகள் தமிழ் உரைநடையில் நிலைத்தன. அதைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் பிள்ளைகளுக்காகப் பாலபாடம் எழுதிய ஆறுமுக நாவலர் (1822–1879).

ஆக, ‘வந்தாயா’ என்று எழுதிவிட்டுக் கேள்விக்குறியை மறந்த பிள்ளை கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளை இல்லை. கேள்வியை முழுசாகக் கேட்டுவிட்டது. அதற்குச் சிவப்பு மையில் ஒரு சுழி போட்டால், தனக்குத் தெரிந்ததையே தெரியாது என்று நினைக்க ஆரம்பித்துவிடும். வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளை என்றால் அந்த நினைப்பு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அதனால் வரிசையை மாற்ற வேண்டும் என்கிறேன். முதலில் காது, அப்புறம் வால், கடைசியில்தான் குறி.

வாலை நகர்த்து

ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்வோம். ‘அத்தா நேத்து சந்தைக்குப் போனாங்க.’ நாலு சொல்லை நாலு பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையாகப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். ஐந்தாவது பிள்ளைதான் ‘ஆ’. அது யார் பக்கத்தில் போய் நிற்கிறதோ அவர் சொல்லில் வால் முளைக்கும்.

அத்தாவா நேத்து சந்தைக்குப் போனாங்க?
அத்தா நேத்தா சந்தைக்குப் போனாங்க?
அத்தா நேத்து சந்தைக்கா போனாங்க?
அத்தா நேத்து சந்தைக்குப் போனாங்களா?

ஒரே வாக்கியம், நாலு கேள்வி, நாலு பதில். “இல்ல, மாமாதான் போனாங்க”, “இல்ல, முந்தாநாள்” என்று மற்ற பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். ‘ஆ’ எங்கே நின்றாலும் கேள்விக்குறி அட்டை வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கும் என்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்வார்கள். விதியை நாம் சொல்ல வேண்டியதில்லை.

‘ம்’ கொட்டு, ‘போயி?’ கேளு

கதை சொன்னால் ‘ம்’ கொட்டுவது எல்லா வீட்டிலும் உண்டு. அதில் ஒரு சட்டம் சேர்த்துக்கொள்ளலாம். வாக்கியம் முடிந்தால் மட்டும்தான் ‘ம்’. முடியாவிட்டால் கடைசிச் சொல்லைத் திருப்பிக் கேட்க வேண்டும்.

“கோரையாத்துல படகு ஏறி…” “ஏறி?”
“அலையாத்திக் காட்டுக்குப் போயி…” “போயி?”
“ஒரு கொக்கைப் பாத்தோம்.” “ம்!”

‘ஏறி’, ‘போய்’ இரண்டும் வினையெச்சம். எச்சம் என்றால் மிச்சம், அதாவது சொல்ல இன்னும் பாக்கி இருக்கிறது. ‘பார்த்தோம்’ வினைமுற்று. முற்றுப்புள்ளியில் இருக்கும் அதே முற்றுதான். பேரைச் சொல்லாமலே ஏழு வயதுப் பிள்ளை இரண்டையும் பிரித்துவிடுகிறது. அப்புறம் எழுதும்போது ‘எங்கே ம் கொட்டுவே?’ என்று கேட்டால் போதும், முற்றுப்புள்ளி தானாக விழும்.

சொடக்குக் கணக்கு

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி: பேரிலேயே கால், அரை, முக்கால், முழுசு என்ற கணக்கு இருக்கிறது. கண் இமைக்கும் நேரமோ கை நொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை என்பது பழைய இலக்கண அளவு. அந்தச் சொடக்கையே நாலாகப் பிரித்திருக்கிறார்கள். போட நினைப்பது கால், விரலை ஊன்றுவது அரை, முறுக்குவது முக்கால், விடுவது ஒன்று. இதைச் சொன்னதும் திண்ணையில் எல்லாக் கையும் சொடக்குப் போட ஆரம்பித்துவிடும், அடக்குவது கஷ்டம்!

முதலில் எழுத்தில் தொடங்கலாம். குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்கு இரண்டு. படம்–பாடம், பல்–பால், மடு–மாடு என்று சோடி சோடியாகச் சொல்லிப் போடட்டும். பிறகு வாசிப்பு. காற்புள்ளியில் ஒரு சொடக்கு நிறுத்தம், முற்றுப்புள்ளியில் நாலு. ஒரு பிள்ளை வாசிக்கும், மற்றவர்கள் சொடக்குப் போடுவார்கள். நடுவில் உள்ள இரண்டு புள்ளிகளும் இந்த வயதுக்கு வேண்டாம்.

குறி இல்லாமல் முடியாத இடங்கள்

அப்படியானால் தமிழுக்கு நிறுத்தக்குறியே வேண்டாமா? வேண்டும். வால் கைவிடும் இடங்கள் உண்டு, அசல் வேடிக்கையும் அங்கேதான் இருக்கிறது.

தம்பி எங்கே போனான்?
தம்பி, எங்கே போனான்?

முதல் வாக்கியத்தில் தம்பியைக் காணோம். இரண்டாவதில் தம்பி எதிரிலேயே நிற்கிறான், வேறு யாரோ காணோம். இதை எழுதிக் காட்டி, ஒரு பிள்ளையைத் தம்பியாக நடிக்கவிடுங்கள். காற்புள்ளி அட்டையைத் தூக்கினால் ஓடி வந்து எதிரில் நிற்க வேண்டும், இறக்கினால் தூணுக்குப் பின்னால் ஒளிய வேண்டும்.

இன்னொன்று: ‘தம்பி நான் தோத்துட்டேன்னு சொன்னான்.’ தோற்றது யாரு? தம்பியா, இதைச் சொல்கிற நானா? பேச்சில் குரல் காட்டிக்கொடுத்துவிடும், தாளில் குரல் இல்லை. தம்பி, “நான் தோற்றுவிட்டேன்” என்று சொன்னான் என எழுதினால் தோற்றது தம்பிதான். கபடி ஆடிவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இந்த மேற்கோள்குறி எவ்வளவு முக்கியம் என்று விளக்கவே வேண்டாம், சண்டையே அதுதானே.

புள்ளியிலும் இதே கதைதான். ‘பல்’லில் புள்ளியை எடுத்தால் ‘பல’ ஆகும், ‘கல்’லில் எடுத்தால் ‘கல’ ஆகும். இது ஒன்றாம் வகுப்புக்கு. ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம், ‘வேலைக் கொடு’ என்றால் வேல். இது நாலாம் வகுப்புக்கு மேல் போகலாம். சின்னதிலேயே வல்லினம் மிகும் இடம், மிகா இடம் என்று பட்டியல் போட்டால் பிள்ளை ஓடிவிடும்.

விளையாட்டு எதற்காக?

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு புதிதில்லை. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அட்டைகளையும் படங்களையும் கொண்டுவந்தது. 2022-ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டு, கதை, செயல்பாடு என்று போகிறது. இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். கேள்விக்குறிக்குக் கண்ணும் மூக்கும் வரைந்து வண்ணம் தீட்டுவதும் விளையாட்டுதான், ஆனால் அதில் கேள்வி இல்லை. குறியை நகர்த்தினால் பொருள் மாற வேண்டும், மாறியதைப் பிள்ளை காதால் கேட்க வேண்டும். அப்போதுதான் அது இலக்கணம்.

கடைசியாக, பேச்சு வழக்கை ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். ‘போனாங்களா’ வாயில் சரி, ‘போனார்களா’ தாளில் சரி. இரண்டிலும் அதே ‘ஆ’ இருப்பதைக் காட்டினால், வீட்டில் பேசுவதும் பள்ளிக்கூடத்தில் எழுதுவதும் ஒரே மொழிதான் என்று பிள்ளைக்குத் தெரியும். நாளைக்கு ஒரு விளையாட்டு, கால் மணி நேரம், முடிவில் ஒரே ஒரு வாக்கியம் எழுத்தில். அந்த வாக்கியம் பிள்ளை தன் வாயால் சொன்னதாக இருக்கட்டும்.