பிலிமத்தலாவையிலிருந்து ஆடும் எஞ்சின் ஏன் நேரத்தில் தோற்கிறது?

மனிதர் எவரும் வெல்ல முடியாத சதுரங்க எஞ்சின் ஸ்டொக்ஃபிஷ். அதையே இலங்கையின் பிலிமத்தலாவையில் உள்ள வீடொன்றின் மடிகணினியில் ஏற்றி, லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் 'பொட்' கணக்காக ஆடவிட்டால், வெல்லும் நிலையில் இருந்துகொண்டே கடிகாரம் தீர்ந்து தோற்கலாம். சவால் வந்தும் அசையாமல் கிடக்கலாம். உடனே இணைய நிறுவனத்தைத் திட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம்.

எஞ்சினுக்கு இணையம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 2000ஆம் ஆண்டில் வந்த யுசிஐ என்ற எழுத்துவழி நெறிமுறையில் காய்நிலையைக் கொடுத்தால் நகர்வைச் சொல்லும், அவ்வளவுதான். சேவையகத்தோடு பேசுவது இடையில் நிற்கும் 'லிசெஸ்-பொட்' என்ற பைதன் நிரல்.

ஆகவே முதலில் வைஃபையை அணைத்துவிட்டு எஞ்சினை மட்டும் திறந்து, 'யுசிஐ' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'யுசிஐ-ஓகே' என்று பதில் வந்தால் எஞ்சின் நலம். திரை தானாக மூடிக்கொண்டால், புதிய புரொசெசருக்கான கோப்பைப் பழைய கணினியில் போட்டிருக்கக்கூடும். பழையதற்கு ஏற்ற கோப்பும் ஸ்டொக்ஃபிஷ் தளத்தில் கிடைக்கும். லினக்ஸ் என்றால் கோப்புக்கு இயங்கும் அனுமதி கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

அடுத்தது கணக்கு. ஓர் ஆட்டம்கூட ஆடாத புதிய கணக்கையே பொட் ஆக்க முடியும். ஆக்கினால் திரும்ப முடியாது. சாதாரணக் கணக்கில் எஞ்சினை ஓட்டுவது மோசடி, கணக்கு முடக்கப்படும். 401 என்று பிழை வந்தால், நிரலுக்குக் கொடுத்த நுழைவுச்சாவியான டோக்கன் செல்லாது; 403 என்றால் பொட் ஆட்ட அனுமதி இல்லாமல் டோக்கன் எடுத்திருப்பீர்கள். 429 வந்தால் அளவுக்கு மிஞ்சிக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். முழுதாக ஒரு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். பதற்றத்தில் நிரலைத் திரும்பத் திரும்பத் தொடக்குவதுதான் இதை வளர்க்கிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நேரம் போகிறதென்றால், விடயம் தூரத்தில் இருக்கிறது. லிசெஸ் சேவையகங்கள் பிரான்ஸில் உள்ளன. நேர்கோட்டில் பார்த்தாலே ஏறக்குறைய 8,500 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர்தான் ஓடும் என்பதால், போய்வர 85 மில்லிசெக்கனாவது வேண்டும். கடலடிக் கேபிள் நேராகப் போவதில்லை. உண்மையான தாமதம் இன்னும் அதிகம். எவ்வளவு விலையுயர்ந்த பைபர் பெக்கேஜ் எடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நகர்வுக்கு 200 மில்லிசெக்கன் போனால், 60 நகர்வுள்ள ஒரு நிமிட ஆட்டத்தில் 12 செக்கன் வழியிலேயே கரைந்துவிடும். ஸ்டொக்ஃபிஷோ வழித்தாமதத்துக்கு இயல்பாக ஒதுக்குவது 10 மில்லிசெக்கன்! 'மூவ் ஓவர்ஹெட்' என்ற அந்த அமைப்பைச் சில நூறாக உயர்த்துங்கள். 1+0 ஆட்டத்தை விட்டு, நகர்வுக்கு நகர்வு நேரம் கூடும் 3+2 போன்றவற்றை மட்டும் ஏற்கும்படி நிரலில் குறிப்பிடுங்கள்.

பின்னேர இடிமழையில் மின்சாரம் ஒரு கணம் கண் சிமிட்டினாலும் ரவுட்டர் மறுபடி எழும்ப நேரமெடுக்கும். மடிகணினிக்கு மின்கலம் உண்டு, ரவுட்டருக்கு இல்லை. சிறிய யுபிஎஸ் ஒன்று அதற்குப் போதும். இடையில் அறுந்தாலும், மீண்டும் இணையும்போது சேவையகம் அதுவரையிலான நகர்வுகள் அனைத்தையும் அனுப்பும். கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்து, எதிராளி அதற்குள் வெற்றி கோராமல் இருந்தால் ஆட்டம் தொடரும். மடிகணினியின் மூடியைச் சாத்தினால் உறக்கநிலைக்குப் போகும் அமைப்பையும் நிறுத்திவையுங்கள். பெரும்பாலும் கடைசியாகத்தான் அது நினைவுக்கு வருகிறது.