இந்த வாரம் யார் முறை?

கோயிலின் பின்பக்கம், பாட்டுப்புத்தகங்கள் அடுக்கியிருக்கும் பலகைக்கு மேலே, ஒரு பழைய காலண்டர் அட்டை தொங்கும். அதன் முதுகில் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு, ஆரம்ப ஜெபம், வேத வாசிப்பு, சாட்சி, சிறுசெய்தி, முடிவு ஜெபம் என்று தலைப்பு எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பெயர். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பெருக்க வருகிற பையன்கள் விளக்குமாற்றைத் தேடுவதற்கு முன்னால் அந்த அட்டையைத்தான் பார்ப்பார்கள். மறுநாள் தன் முறை என்று தெரிந்தவன் பெருக்குகிற வேகமே மாறிவிடும்.

மெஞ்ஞானபுரத்தைச் சுற்றிய தேரிக்காட்டுக் கிராமங்களில் ஒன்று எங்கள் ஊர். பனைகளுக்கு மேலே அந்தப் பெரிய கோயிலின் 192 அடிக் கோபுரம் தெரிந்தால்தான் எங்களுக்குத் திசை தெரியும். எங்கள் சின்னக் கோயிலில் வாலிபர் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு. பெரியவர்கள் அதை முயற்சி சங்கம் என்றே சொல்லுவார்கள். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாண்டில், 1881 பிப்ரவரி 2 அன்று, பிரான்சிஸ் கிளார்க் என்ற குருவானவர் தம் வீட்டுக்கு இளைஞர்களைக் கூப்பிட்டுத் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சி சங்கம் உலகமெல்லாம் பரவியது. அவர் போட்ட விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒவ்வோர் உறுப்பினரும் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும், சேர்ந்து பாடுவது கணக்கில் சேராது. பனி கொட்டும் ஊரில் பிறந்த அந்த விதிதான் எங்கள் செம்மண் ஊரில் காலண்டர் அட்டையாகத் தொங்கியது.

விதி என்றால் விதிதான். தொண்டை கட்டியது, ஊருக்குப் போகிறேன், பரீட்சை என்று எதுவும் செல்லாது. வாய் திறக்கவே அஞ்சுகிற ஓர் அண்ணன் இருந்தார். பனையேறுவதில் சூரர், கிணற்றில் தலைகீழாகப் பாய்வார். நாலு பேர் முன்னால் நிற்கச் சொன்னால் மட்டும் வேட்டி நுனி நடுங்கும். அவருக்கு முதன்முதலில் முடிவு ஜெபம் விழுந்த அன்று, கண்ணை மூடினோம், "ஆமென்" என்றார், கண்ணைத் திறந்தோம். புதிதாக டிஜிட்டல் கடிகாரம் கட்டியிருந்த ஒரு பையன் அளந்து வைத்திருந்தான். ஏழு விநாடி.

அது 1980-களின் கடைசி. ஊரில் இருந்த ஒரே டிவி பெரிய வாத்தியார் வீட்டில். சென்னைத் தூர்தர்ஷன் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ்ப் படம் போடும். வாலிபர் கூட்டத்தை ஐந்து மணிக்கு வைத்த பெரியவர்கள் அதை வைத்த காலத்தில் ஊருக்குள் மின்கம்பமே கிடையாது. கூட்டம் நீண்டால் படத்தில் முதல் இரண்டு பாட்டும் போச்சு. முடிவு ஜெபத்தில் ஆதியாகமத்தில் தொடங்கி, அதிகாரிகள், நோயாளிகள், மழை, கடலில் போனவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள் என்று ஒருவரையும் விடாமல் வருகிற அக்காள் ஒருத்தி உண்டு. அவள் பெயர் அந்தக் கட்டத்தில் இருந்தால் பையன்களின் பெருமூச்சு கடைசி வரிசை வரை கேட்கும். அதனால் ஏழு விநாடி அண்ணனுக்குத் திடீரென்று மவுசு கூடியது. "அண்ணே, என் முறையை நீங்க எடுத்துக்கிடுதீங்களா? உங்க பதநீர்ப் பானையை நான் சுமந்துட்டு வாரேன்" என்று பேரமே நடந்தது. பேச அஞ்சியவர்தான் அந்த ஆண்டு எல்லாரையும்விட அதிகம் ஜெபித்தவர்.

வேத வாசிப்பு இன்னொரு கண்டம். எங்கள் ஊர்ப் பெயர்கள் எல்லாம் பைபிளிலிருந்து எடுத்தவை. மத்தேயு முதல் அதிகாரத்து வம்ச வரலாற்றை யாராவது வாசித்தால் பாதிப் பேருக்குத் தன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நிமிர்வு வரும். ஊரில் யாக்கோபும் ஈசாக்கும் பங்காளிகள். ஒரு வேலி விஷயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வயதில் யாக்கோபு மூத்தவர். ஈசாக்குக்கு மகன் யாக்கோபு என்ற இடம் வந்ததும், யாக்கோபு பெரியப்பா தொண்டையைச் செருமினார் பாருங்கள், வாசித்த பெண் அந்த வரியை விட்டுவிட்டுத் தாவீதுக்குத் தாவிவிட்டாள். மனப்பாட வசனம் சொல்லும் வாரங்களில் யோவான் 11:35-க்குத் தடை இருந்தது. பைபிளிலேயே சின்ன வசனங்களில் ஒன்று அது. தடை வருமுன் ஒரே நாளில் ஒன்பது பேர் அதைச் சொல்லி உட்கார்ந்தார்கள்.

வசனம் தேடும் போட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். "ஆபகூக் இரண்டு, பதினாலு" என்று சொல்லி, "தேடு!" என்றதும் அறுபத்தாறு புத்தகங்களுக்குள் பாய வேண்டும். நடுவில் திறந்தால் சங்கீதம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஒபதியாவும் நாகூமும்தான் ஆளைக் கொல்லும். எங்கள் கூட்டத்தில் எப்போதும் ஜெயித்தது ஒரு தையல்கார அக்காள். அவள் விரல் தாளில் படுவதே தெரியாது.

அந்த வேகம் ஒரு கல்யாணத்தை நடத்தி வைத்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று பாய் விரித்திருந்த காலம். ஓர் அண்ணன், பாட்டுப்புத்தகத்துக்குள் துண்டுச் சீட்டு வைத்து எதிர்ப்பக்கம் அனுப்பினார். அதில் காதல் கத்தரிக்காய் என்று ஒரு சொல்லும் கிடையாது. "3 யோவான் 14" என்று மட்டும் எழுதியிருந்தது. சீக்கிரம் உன்னைப் பார்ப்பேன், அப்போது நேருக்கு நேர் பேசுவோம் என்ற கருத்துள்ள வசனம். சீட்டு போய்ச் சேர வேண்டியவளுக்கு முன்னால் தையல்கார அக்காள் கையில் சிக்கியது. மூன்று விநாடியில் எடுத்துவிட்டாள். கூட்டம் முடிந்ததும் நேராக அந்த அண்ணனிடம் போய், "நேருக்கு நேர் பேசணும்னா எங்க அம்மாகிட்டப் பேசுங்க. அவ என் தங்கச்சி" என்றாள். அவர் பேசினார். அவர்கள் பேரப்பிள்ளைக்கு இந்த ஆண்டு ஞானஸ்நானம்.

ஆண்டு விழா நாடகங்களில் எனக்கு மறக்காதது தாவீதும் கோலியாத்தும். கோலியாத்தாக ஊரிலேயே உயரமான லாரி டிரைவர் அண்ணாச்சி. தலையில் அலுமினியச் சட்டி, கையில் தென்னை மட்டை வாள். தாவீது ஆறாம் வகுப்புப் பையன். கவண் சுழற்றிக் காகிதக் கல்லை எறிந்தான், தவறியது. இரண்டாவது ஆர்மோனியத்தில் விழுந்தது. மூன்றாவது, குருவானவரின் மனைவி ஐயரம்மா மடியில். பையன் உதடு பிதுங்க ஆரம்பித்தது. அப்போது கோலியாத் குனிந்து ரகசியமாகச் சொன்னார். அவர் பக்கத்தில் மைக் இருந்தது. "ஏல, அழாத. சும்மா கையை ஆட்டு. நான் விழுந்துருதேன்." ஊரே கேட்டது. அவர் விழுந்த வேகத்தில் மேடைப் பலகை ஒன்று உடைந்தது. அந்த ஆண்டு அதிகமாகக் கைதட்டு வாங்கியது பெலிஸ்திய வீரன்தான். அந்தத் தாவீது இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

கோடையில் பத்து நாள் வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. ஊரில் உள்ள எல்லா வீட்டுப் பிள்ளைகளும், கோயிலுக்கு வராத வீட்டுப் பிள்ளைகளும்கூட, வண்ணப் பென்சிலுக்கும் பன்னுக்கும் ஆக்‌ஷன் பாட்டுக்கும் வந்துவிடுவார்கள். 1898-இல் நியூயார்க்கில் எலைசா ஹாஸ் என்ற அம்மையார் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக இப்படியொரு பள்ளி நடத்தினார். கிடைத்த இடம் ஒரு பீர்க்கடை. அதை வாடகைக்கு எடுத்தார். மதுவிலக்கைப் பற்றி மேடைக்கு மேடை முழங்கிய எங்கள் உபதேசியார் தாத்தாவிடம் இதை யாராவது சொல்லியிருந்தால், அந்த அம்மையாருக்காக அன்றைக்கே ஸ்தோத்திர ஜெபம் வைத்திருப்பார்.

டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்ட்ஸ். இரவு பத்துக்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கோடு புறப்பட்டால் திரும்ப விடியும். வீட்டுக்கு வீடு கருப்பட்டிக் கடுங்காப்பி. முப்பது வீட்டுக் காப்பியும் வயிற்றில் இருந்தால் யார் எந்தப் பனைக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று கணக்கே இருக்காது. முதல் வீட்டில் நாலு குரலில் பாடியவர்கள் கடைசி வீட்டில் ஒரே குரலில் இருமுவார்கள். முதலூரில் பெண் எடுத்த ஒரு வீடு மட்டும் விதிவிலக்கு. முதலூர் 1799-இல் உண்டான கிறிஸ்தவக் குடியிருப்பு, இந்தப் பகுதியில் முதலாவது, அதனால்தான் அந்தப் பெயர். ஆனால் எங்களுக்கு அது மஸ்கோத்து அல்வா ஊர். தேங்காய்ப்பால் எண்ணெய் மினுங்கும் அந்த அல்வாத் தட்டு திண்ணைக்கு வருகிறது என்று தெரிந்தால் கட்டின தொண்டையெல்லாம் திறந்துகொள்ளும். கிறிஸ்மஸ் தாத்தாவின் முகமூடிக்கு இரண்டு கீறல்தான் கண். நாய் எந்தப் பக்கம் வருகிறது என்று அவருக்குத் தெரியாது. நாய்க்கு அவரைத் தவிர யாரும் கண்ணில் பட மாட்டார்கள்.

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தேன். டாடா ஏஸ் வண்டியில் ஜெனரேட்டர், சீரியல் பல்பு நட்சத்திரம், இரண்டு பெரிய ஸ்பீக்கர். எந்த வீட்டுக்கு எத்தனை மணி என்று வாட்ஸ்அப்பில் முன்னாலேயே பட்டியல் வந்துவிட்டது. இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்வதால் ஒன்பதே முக்காலுக்குக் கடைசிப் பாட்டு. பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் பெங்களூரு, சென்னை, வளைகுடா. ஆச்சி ஒருத்தி கைப்பேசியைப் பாடகர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாள். துபாயில் இருந்த மகன் திரையில் வாயசைத்தான். அந்த வீட்டுக்கு மட்டும் பட்டியலை மீறி மூன்று பாட்டுப் பாடினார்கள். அந்தப் பிள்ளைகளை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பாட்டும் எவ்வளவோ மாறிவிட்டது. ஆர்மோனியச் சித்தப்பா எல்லாக் கீர்த்தனைக்கும் ஒரே சுருதிதான் வைத்திருந்தார். பாட வருகிறவர்கள்தான் குரலை ஏற்றியோ இறக்கியோ கொள்ள வேண்டும். பிறகு ஜெபத்தோட்ட ஜெயகீதங்கள் கேசட்டுகள் வந்தன. கோயிலுக்குள் கைதட்டலாமா என்று ஆறு மாதம் வழக்கு நடந்தது. இன்றைய பிள்ளைகள் சுத்தமாக வாசிக்கிறார்கள், வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனையைக் கிதாரில் கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது. இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் காலத்தில் செயலாளர் எப்போதும் ஆண்தான், பெண்கள் காப்பி போட்டார்கள். இன்று செயலாளர் ஒரு பொறியியல் மாணவி. கணக்கு நோட்டு அவள் கையில் வந்தபிறகு ஒரு ரூபாய் பிசகியதில்லை என்று உபதேசியாரே சொன்னார்.

ஆனால் அந்த அட்டை இல்லை. நன்றாகப் பாடுகிற ஏழெட்டுப் பேர் மேடைக்குழு. வரிகள் எல்.இ.டி. திரையில் ஓடுகின்றன. 2020 ஊரடங்கில் ஆரம்பித்த நேரலைக்காகக் கேமரா ஒன்று நிரந்தரமாக நிற்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள், திணறல் இருக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு அது புரிகிறது. ஆனாலும் கடைசி வரிசையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த ஒரு பையனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூட்டம் தொடங்கி முடியும் வரை அவனிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. சுருதி சேராத தொண்டைக்கும், திக்குகிற நாக்குக்கும், நடுங்குகிற வேட்டிக்கும் ஒரு கட்டம் ஒதுக்கி வைத்திருந்த கூட்டம் அது. வரவேற்புரை என்றால் கால் பின்னாத பெண்களை அந்தக் கட்டங்கள்தான் உண்டாக்கின. செயலாளர் மாணவியிடம் இதைச் சொன்னேன். "அட்டை எப்படி இருக்கும், அக்கா? வரைஞ்சு காட்டுங்க" என்றாள். அவள் நோட்டிலேயே கட்டம் போட்டுக் கொடுத்தேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பேரப்பிள்ளைகளின் படமும் முழங்கால் வலி வைத்தியமுமாக ஓடிக்கொண்டிருந்தது. ஊரிலிருந்து திரும்பிய வாரம் அதில் முறைப்பட்டியல் ஒன்று போட்டேன். ஞாயிறு ஐந்து மணிக்கு ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் குரல்பதிவில் ஜெபிக்க வேண்டும். முதல் வாரம் நீள ஜெப அக்காள். நாலு பதிவு தொடர்ச்சியாக வந்தது, மழையையும் பரீட்சையையும் அவள் மறக்கவில்லை. இரண்டாம் வாரம் முடிவு ஜெபம் மஸ்கட்டில் இருக்கும் ஏழு விநாடி அண்ணன். ஐந்து மணி ஆனது, ஐந்தரை ஆனது. டிஜிட்டல் கடிகாரக்காரன், "அண்ணே, படம் ஆரம்பிச்சிரும்" என்று போட்டான். ஆறு மணிக்குப் பதிவு வந்தது. பின்னால் குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல், பிறகு அவர் குரல், பிறகு ஆமென். கீழே நேரம் காட்டியது, பதினொரு விநாடி.