சாயக் கழிவுநீரும் ஏரி மீன்களும்

காஞ்சீபுரத்தில் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரிலிட்டுப் பசை நீக்கிச் சாயம் ஏற்றுவது வழக்கம். இக்கழிவுநீர் வேகவதியிலோ ஏரிக் கால்வாயிலோ கலப்பின், சாயம் வெயிலை மறைப்பதால் பாசிகள் பிராணவாயுவை வெளியிடுதல் குறையும். பட்டுப்பசை அழுகுங்கால் எஞ்சிய பிராணவாயுவும் செலவாகும். சோடாவின் காரம் மீனின் செவுளைப் புண்படுத்தும்.

இரவில் பாசியும் பிராணவாயுவை உட்கொள்வதால், விடியற்காலையில் மீன்கள் மேலெழுந்து வாய் பிளந்து திணறும். நீரில் நிறமும் நுரையும் உடன் காணின் கழிவுநீரையே ஐயுறல் வேண்டும். நோயெனக் கருதி மருந்திடுதல் வீண். கழிவு வரும் வழியை அடைத்து நல்ல நீரைப் பாய்ச்சுக. செத்த மீனை உண்ணலாகாது.

கெட்ட நீர் விரைவில் ஓடிவிடுமாதலால், கிராம அதிகாரிகள் அப்பொழுதே சுத்தமான புட்டியில் நீர் பிடித்து வைத்து, மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அறிவித்தல் நலம். 1974-ம் வருஷத்திய நீர்ச் சட்டம் இத்தகைய கழிவைத் தடுத்தற்கே ஏற்பட்டது.