ஒர்க் ஷாப்பில் நிற்கும் ஜீப்

வண்டன்மேடு ஏலத்தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். இது கேரளத்தில், இடுக்கி மாவட்டத்தில் உள்ளது. தமிழ்நாட்டு எல்லை பக்கத்தில்தான். காலையில் கம்பம் பகுதியிலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஜீப்புகள் மலை ஏறும். தோட்ட வேலைக்குப் போகும் ஆட்கள் அதில் வருவார்கள். பல குடும்பங்களுக்கு ஜீப்தான் சோறு போடுகிறது.

ஓர் ஓட்டுநர் தம் ஜீப்பை இன்ஜின் வேலைக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒர்க் ஷாப்காரர் 20,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். "10 நாளில் தருகிறேன்" என்கிறார். ஆனால் 2 மாதம் ஆகிறது. "சாமான் வரவில்லை" என்கிறார். "மெக்கானிக் லீவு" என்கிறார். வண்டி வரவில்லை. வருமானமும் இல்லை. ஓட்டுநர் என்ன செய்யலாம்?

சட்டம் சொல்வது என்ன?

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2019-ல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அது 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்தது. காசு கொடுத்துப் பெறும் வேலையும் இந்தச் சட்டத்தில் அடங்கும். நியாயமான காரணம் இல்லாமல் வேலையை இழுத்தடித்தால் அது சேவைக் குறைபாடு. அதற்கு நஷ்டஈடு கேட்கலாம்.

வாடகை வண்டிக்கும் உண்டா?

பெரிய வியாபாரத்துக்கு இந்தச் சட்டம் உதவாது. ஆனால் பிழைப்புக்காகத் தானே வண்டி ஓட்டுகிறவர் நுகர்வோர்தான். 1995-ல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. பிழைப்புக்காக ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர் என்றது. வண்டியை முழுக்க வேறு ஆள் ஓட்டினால் அப்படி இல்லை என்றும் சொன்னது.

முதலில் ஒரு கடிதம்

வாய்ச்சண்டை வேண்டாம். முதலில் ஒர்க் ஷாப்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

"என் ஜீப்பை இந்தத் தேதியில் உங்களிடம் விட்டேன். 20,000 ரூபாய் கொடுத்தேன். 10 நாளில் தருவதாகச் சொன்னீர்கள். இன்னும் தரவில்லை. 15 நாளுக்குள் வேலையை முடித்து வண்டியைத் தர வேண்டும். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்."

கடிதத்துக்கு ஒரு நகல் எடுக்க வேண்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

புகார் எங்கே கொடுப்பது?

கடிதத்துக்குப் பலன் இல்லையா? மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். மலையாளத்தில் இதை 'உபபோக்த்ரு கோடதி' என்பார்கள். ஒர்க் ஷாப் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் கவலை இல்லை. தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் குறை ஏற்பட்ட நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.

கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வருமான இழப்புக்கு ஈடு கேட்கலாம். வழக்குச் செலவும் கேட்கலாம். வழக்கு முடியும் முன்பே வண்டியைத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவும் கேட்கலாம். புகாரை 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் கூடுதல் காலம் ஆவதும் உண்டு. உத்தரவை மீறினால் ஒர்க் ஷாப்காரருக்குச் சிறைத் தண்டனையோ அபராதமோ கிடைக்கலாம்.

காகிதம்தான் சாட்சி

ஆணையம் சும்மா சொன்னதை நம்பாது. ஆதாரம் கேட்கும். ஆகவே வண்டியை விடும்போதே கவனம் வேண்டும்.

1. ஜாப் கார்டு கேட்டு வாங்க வேண்டும். என்ன வேலை, எவ்வளவு பணம், எந்தத் தேதியில் தருவார்கள் என்று அதில் இருக்க வேண்டும்.

2. படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

3. கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது வாங்க வேண்டும்.

4. தினமும் ஓட்டிய டிரிப், கிடைத்த கூலி ஆகியவற்றை நோட்டில் எழுதி வர வேண்டும். வண்டி நின்ற நாட்களின் இழப்பைக் காட்ட இந்த நோட்டு உதவும்.

தேதி இல்லாத வாக்குறுதியை நிரூபிப்பது கடினம். தேதி எழுதி வாங்கிய துண்டுக் காகிதம் 20,000 ரூபாயைக் காப்பாற்றலாம்.