உங்களுக்குத் தெரியுமா?
மரபணுப் பரிசோதனை அறிக்கையில் ஒரு மரபணு மாற்றத்துக்கு ‘முக்கியத்துவம் உறுதியில்லை’ என்றிருந்தால் பதற வேண்டாம்; அது நோய் தரும் என்றோ தராது என்றோ சொல்ல ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான்.

ஆதாரம் எப்படிச் சேரும்? ஓர் எடுத்துக்காட்டு: அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தும் சக்சமெத்தோனியம் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். சிதைக்கும் நொதி பிறவியிலேயே இல்லாதவருக்கோ மணிக்கணக்கில் செயற்கைச் சுவாசம் வேண்டும். வைசிய சமூகத்தில் இக்குறை அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆர். பூபதியும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் 2006இல் காரணத்தை வெளியிட்டார்கள்: நொதியின் 307ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின். கண்டதோடு நிற்காமல் ஆய்வகச் செல்களிலும் சோதித்தார்கள்; அங்கும் நொதி தேறவில்லை. மேலைநாட்டு மரபணுத் தரவை மட்டுமே நம்பியிருந்தால் இந்த மாற்றம் சிக்கியிருக்குமா?

செங்கல்பட்டிலோ கல்பாக்கத்திலோ, எங்கே அறுவைக்குப் போனாலும், மயக்கமருந்துக்குப் பின் சொந்தத்தில் யாருக்காவது மூச்சு திரும்பத் தாமதமானதுண்டா என்று விசாரித்து மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.